காத்திருக்கத் தெரிந்த மைனா

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் தரைத்தளத்தில் ஆளுயரத் திரை ஒன்றை நிறுத்தினோம். பக்கத்தில் வண்ண அரிசியில் பெரிய கோலம். திரைக்குள் ஒரு மைனா. மசாலாத் தூள் விற்கும் ஒரு கம்பெனிக்காக நான்கு மாதம் உழைத்து உருவாக்கிய பாத்திரம் அது. திரையைத் தொட்டால் பேசும். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கும். மீன் குழம்பு என்றால் எந்தத் தூள், எத்தனை கரண்டி என்று சொல்லும்.

முதல் நாளே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வந்து நின்றார். மைனா சிறகை விரித்துக் குதித்தது. "வணக்கம்! வாங்க!" என்றது. எட்டு விநாடி கழித்து மறுபடியும் அதே குதி, அதே வணக்கம். பாட்டி மூன்று முறை பார்த்தார். "இது நம்மளப் பாக்கலம்மா. அது பாட்டுக்கு ஆடுது" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு முறுக்குக் கடைப் பக்கம் போய்விட்டார்.

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அசையும் சின்னப் பாத்திரங்களை, அதாவது மாஸ்காட்டுகளை, உருவாக்குகிறவர்கள் முகத்துக்கும் நிறத்துக்கும் மாதக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆனால் எதிரில் நிற்கும் மனிதர் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று முடிவு செய்வது வேறு இடத்தில். அது என்னைப் பார்க்கிறதா? நான் பேசும்போது கேட்கிறதா? நான் சும்மா நின்றால் தானும் சும்மா இருக்கத் தெரிகிறதா? அங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது.

படத்தைச் சொல்லிப் பொருள் வாங்குவது நமக்குப் புதிதில்லை. கோடாலித் தைலம் என்று கேட்டு வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அதைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயர் தெரியும்? இன்னொரு உதாரணம்: 1892-இல் அல்ஃபிரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் ஒரு வணிகத்தைத் தொடங்கினார். அவர் கம்பெனியின் மீன் டப்பாவில் சேவல் படம் இருந்ததால் இங்கே ஜனங்கள் அதை 'சாப் ஆயாம்', கோழி மார்க், என்றே கேட்டு வாங்கினார்கள். கடைசியில் அந்தப் பெயரையே கம்பெனியும் ஏற்றுக்கொண்டு ஆயாம் பிராண்ட் ஆனது. படிக்கத் தெரியாதவர்களும், ஒருவர் எழுத்தை இன்னொருவர் படிக்க முடியாத பல மொழிக்காரர்களும் கலந்து வாழ்ந்த ஊர்களில் படம்தான் பொது மொழி. டயர்களை அடுக்கிச் செய்த மிஷெலின் மனிதர் 1898-இல் சுவரொட்டிக்கு வந்தார். ஏர் இந்தியாவின் மகாராஜா 1946-இல் குனிந்து வரவேற்க ஆரம்பித்தார். அமுல் வெண்ணெய்ச் சிறுமி 1966-இல் வந்தாள். இவர்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள், நாம் பார்த்துக்கொண்டு போனோம். அவர்கள் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் உடுப்பு போட்ட மாஸ்காட்டுகள். 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது 'விரா' என்ற ஓராங் ஊத்தான், 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுகளில் 'ரிமாவ்' என்ற புலி. இந்த உடுப்புக்குள் இருக்கும் ஆளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த வேலையை நன்றாகச் செய்யும் ஒருவரைப் பத்து நிமிடம் கவனித்தால் போதும். ஒரு குழந்தை ஓடி வந்தால் மண்டியிடுவார். இன்னொரு குழந்தை அம்மாவின் சுடிதாருக்குப் பின்னால் ஒளிந்தால் இரண்டடி பின்வாங்கி, தலையை மட்டும் சாய்த்து, சின்னதாகக் கையசைப்பார். யாரும் இல்லாதபோது தோள் தளர்ந்து நிற்பார். முகமூடியின் சிரிப்பு மாறவே மாறாது. ஆனாலும் அந்தப் புலிக்கு வெட்கமும் பரிவும் களைப்பும் இருப்பதை நாம் உணர்கிறோம்.

திரைக்குள் இருக்கும் பாத்திரத்துக்கு உள்ளே ஆள் இல்லை. உடுப்புக்குள் இருக்கும் அந்த மனிதர் என்ன செய்வாரோ, அதையெல்லாம் முன்கூட்டியே நாம் எழுதி வைக்க வேண்டும். என் பார்வையில் இந்தத் தொழிலின் மையம் அதுதான்.

எழுதி வைப்பது என்றால் எப்படி? படத்தில் வரும் அனிமேஷனுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கை தூக்கினால் தூக்கி முடித்து இறக்கும். இங்கே அப்படி இல்லை. மைனா பாதிச் சிறகை விரித்திருக்கும்போது ஒரு பையன் திரையைத் தட்டுவான். விரித்து முடிக்கும் வரை அவனைக் காக்க வைத்தால் திரை கெட்டுப்போனதாக நினைப்பான். சட்டென்று வெட்டி அடுத்த அசைவுக்குத் தாவினால் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும். ஆகவே பாத்திரத்தின் வாழ்க்கையை நிலைகளாகப் பிரிக்கிறோம். சும்மா இருத்தல், ஆள் வருவதைக் கவனித்தல், கேட்டல், யோசித்தல், பதில் சொல்லுதல், புரியவில்லை என்று விழித்தல், விடைகொடுத்தல். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், எது நடந்தால் போக வேண்டும், போகும் வழியில் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வழி போட வேண்டும். இதை ஸ்டேட் மெஷின் என்பார்கள். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சுவர் முழுக்க ஒட்டுத்தாள்களும் அம்புக்குறிகளுமாக அதுதான் இருக்கும்.

கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்த அசைவைச் சிறிய கோப்பாகச் செயலிக்குள் கொண்டுபோகும் லாட்டி என்ற வடிவத்தை 2017-இல் ஏர்பிஎன்பி வெளியிட்டது. நிழலுருவப் படங்கள் எடுத்த ஜெர்மன் கலைஞர் லோட்டே ரைனிகரின் நினைவாக வைத்த பெயர் அது. தோல்பாவைக் கூத்தும் வாயாங் கூலிட்டும் தெரிந்த நமக்கு அந்தப் பெயர் பிடித்துப்போவதில் வியப்பில்லை. நிலைகளையும் உள்ளேயே வைத்துக்கொண்டு தொடுகைக்குப் பதில் கொடுக்க வேண்டுமென்றால் ரைவ் என்ற கருவி. மொழி கற்றுக்கொடுக்கும் செயலியான டுவோலிங்கோ தன் பாத்திரங்களின் வாயசைவுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறது. முப்பரிமாணம் என்றால் யூனிட்டி அல்லது அன்ரியல். கருவி மாறிக்கொண்டே இருக்கும், சுவரில் ஒட்டிய அம்புக்குறிகள் மாறாது.

எல்லா நிலைகளிலும் கடினமானது 'சும்மா இருத்தல்'. தொழிலில் ஐடில் என்று சொல்வோம். பெரும்பாலான இடங்களில் இதைக் கடைசி நாளில் அவசரமாகச் செய்வார்கள், நான்கு விநாடி அசைவைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். மனிதக் கண் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார கண். மூன்றாவது சுற்றிலேயே 'இது பொம்மை' என்று முடிவு கட்டிவிடும். பாட்டி கண்டுபிடித்ததும் அதைத்தான். அதற்குப் பிறகு நாங்கள் மைனாவின் மூச்சைத் தனியாகவும், கண் சிமிட்டலைத் தனியாகவும், தலைத் திருப்பலைத் தனியாகவும் பிரித்தோம். மூச்சு ஒரு வேகத்தில் ஓடும். சிமிட்டல் இரண்டிலிருந்து ஆறு விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். இவை ஒன்றோடு ஒன்று சேரும் விதம் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால் சுற்று எங்கே முடிகிறது என்று யாராலும் பிடிக்க முடிவதில்லை.

மாமாக் கடையில் உட்கார்ந்து நிஜ மைனாக்களைப் பார்த்தோம். இதற்கு மட்டும் இரண்டு காலை வேளைகள் செலவாயின. ரொட்டி சானாய்த் துணுக்குக்காக மேசைக்கடியில் வரும் மைனா நடக்கும், தத்தும், நிற்கும். நின்றால் முழுதாக நிற்கும், துளி அசைவு இருக்காது. அப்புறம் தலை மட்டும் சடக்கென்று திரும்பும், உடம்பு திரும்பாது. நாங்கள் முதலில் செய்த மைனா ஓயாமல் மெத்து மெத்தென்று ஆடிக்கொண்டே இருந்தது. பறவையின் அசைவில் பாதி அசையாமைதான் என்பதைத் தாமான் ஓரத்து மைனாவிடம்தான் கற்றுக்கொண்டோம். சிறகை விரித்தால் மட்டும் தெரியும் அந்த வெள்ளைப் பட்டையையும் அன்றைக்குத்தான் கவனித்தோம். வரவேற்கும் நேரத்துக்கென்றே இயற்கை வைத்திருந்த அடையாளம் மாதிரி இருந்தது.

அடுத்தது வேகம். ஒரு செயலுக்குப் பதில் பத்தில் ஒரு விநாடிக்குள் கிடைத்தால்தான் அது உடனே நடந்ததாக மனம் ஏற்கும் என்று ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968-இலேயே எழுதினார். கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் தேட நம் மைனாவுக்கு இரண்டு விநாடி ஆகலாம். அதை மாற்ற முடியாது. ஆனால் தொட்ட உடனே கண்ணைத் திருப்ப முடியும். அரை விநாடியில் தலையைச் சாய்க்க முடியும். அதற்கப்புறம் வரும் தாமதம் யோசனையாகத் தெரியும். கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் "இதோ வரேன்" என்று ஒரு குரல் வந்துவிட்டால் ஐந்து நிமிடம்கூடப் பொறுத்துக்கொள்கிறோம் இல்லையா, அதே கணக்கு.

பேசத் தெரிந்தும் தோற்றுப்போன பாத்திரம் ஒன்று எல்லாருக்கும் நினைவிருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97-இல் வந்த கிளிப்பி, கண் முளைத்த காகிதக் கவ்வி. நன்றாக வரையப்பட்ட பாத்திரம்தான். ஆனால் கடிதம் எழுத ஆரம்பித்தாலே 'உதவி வேண்டுமா' என்று குறுக்கே வரும். வேண்டாம் என்று பலமுறை சொன்னாலும் நினைவில் வைத்துக்கொள்ளாது. 2001-இல் வந்த பதிப்பில் தானாகத் தோன்றாதபடி நிறுத்தினார்கள், 2007 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற அண்ணன்களைப் பாருங்கள். சோறு வேண்டுமா என்று வாயால் கேட்பதைவிட இலையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். இலையை மடித்துவிட்டால் பக்கத்தில் வரமாட்டார்கள். கிளிப்பிக்கு மடித்த இலை தெரியவில்லை. நாங்கள் எந்தப் பாத்திரம் செய்தாலும் 'இலை மடிப்பு' என்று ஒரு ஒட்டுத்தாள் சுவரில் இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார், இரண்டு தடவை மூடும் பொத்தானை அழுத்தினார், பின்வாங்கி நடந்தார் என்றால் அது இலை மடிப்பு. உடனே பேச்சை நிறுத்து, ஒருமுறை தலையசைத்து விடைகொடு, திரும்பக் கூப்பிடாதே.

இனி வாய். இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

பேச்சொலிக்கு ஏற்ப வாயைத் தானாக அசைக்கும் மென்பொருள்கள் உண்டு. ஒலிகளைப் பத்துப் பதினைந்து வாய் வடிவங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். எங்கள் கையிலிருந்த பட்டியல் ஆங்கிலத்துக்காகச் செய்தது. தமிழ்க் குரலைக் கொடுத்தபோது 'அப்பா' என்ற சொல்லில் அலகு மூடித் திறந்தது சரிதான், ஆனால் மூடிய வேகத்திலேயே திறந்துவிட்டது. காதில் 'அப்பா', கண்ணில் 'அபா'. இரட்டித்த மெய்யில் உதடு கொஞ்சம் அதிக நேரம் மூடியிருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. நெடிலிலும் அதே குறை. 'வாங்க' என்பதில் அந்த 'வா' நீண்டு நிற்க வேண்டும், வரவேற்பே அந்த நீட்டத்தில்தான் இருக்கிறது.

பாத்திரத்தை அசைக்க உள்ளே எலும்புகள் அமைக்கும் எங்கள் ரிக்கிங் பையன் ஒரு நாள் மாலை, "அண்ணே, தமிழுக்கு இந்த மாதிரி டேபிள் யாராச்சும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். யோசித்தபோது தமிழ்ப்பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. எழுத்துகளின் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பார்த்தோம். அ, ஆ இரண்டும் 'அங்காந்து இயலும்', வாய் திறந்து. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் 'இதழ் குவிந்து இயலும்'. பகரமும் மகரமும் 'இதழ் இயைந்து பிறக்கும்', உதடு இரண்டும் சேர்ந்து. வகரத்துக்குப் 'பல் இதழ் இயைய'. வாய் வடிவப் பட்டியலேதான். எந்த ஒலி வெளியே தெரியும், எது உள்ளே நாக்கோடு நின்றுவிடும் என்பதையும் அதை வைத்தே பிரிக்கலாம். ழகரத்துக்கு நாக்கு எவ்வளவு வளைந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே அதற்குத் தனி வடிவம் தேவையில்லை, முன்னால் வரும் உயிரின் வடிவத்தையே பிடித்து வைத்தால் போதும்.

கால அளவுக்கும் அங்கேயே விடை இருந்தது. 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறார் தொல்காப்பியர். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம், அது ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அசைவூட்டுகிறவர்களுக்குக் கண் சிமிட்டல்தான் தினசரி அளவுகோல். நம் இலக்கணமும் அதே அளவுகோலை எடுத்திருக்கிறது என்று கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வைத்துக் கையாலேயே ஒரு பட்டியல் போட்டோம். நடைமுறைப் பேச்சு இலக்கணக் கணக்கில் அப்படியே ஓடாது, வேகமாகப் பேசும்போது எல்லாம் சுருங்கும். ஆனால் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதத்தைக் காப்பாற்றினால் வாய் தமிழ் பேசுவதாகத் தெரிகிறது.

மைனாவுக்கு உதடே கிடையாது என்பது அடுத்த சிக்கல். அலகு திறக்கும், மூடும், குவியாது. உகரத்தையும் ஓகாரத்தையும் என்ன செய்வது? அலகைக் கொஞ்சமாகத் திறந்து, தொண்டை இறகைப் புடைக்கவைத்து, கழுத்தை ஒரு விரலளவு முன்னால் நீட்டினோம். அவ்வளவுதான். 'போதும்' என்று அது சொல்லும்போது பார்ப்பவர்களுக்கு உதடு குவிந்த மாதிரியே இருக்கும்.

குரலுக்கு முதலில் வெளியூர்ப் பதிவு ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அழகான குரல்தான், ஆனால் இந்த ஊர்க் குரல் இல்லை. செந்தூலிலோ கிள்ளானிலோ வளர்ந்தவர் பேசும் தமிழில் மலாயின் மெட்டு லேசாக ஓடும். அதைக் கேட்டால்தான் நம் வீட்டு ஆள் என்று தோன்றும். வாதாடி இங்கேயே ஒருவரைப் பேசவைத்தோம். எப்படி அழைப்பது என்பதும் பெரிய விவாதமாயிற்று. அங்கிள், ஆன்டி, அண்ணே, அக்கா, பாட்டி என்று வயது பார்த்து அழைப்பதுதான் நம் வழக்கம். கேமராவை வைத்து வயதை ஊகிக்கலாம் என்றார் ஒருவர். நாற்பது வயதுப் பெண்ணைப் பாட்டி என்று அழைத்துவிட்டால் அந்தப் பிராண்டை அவர் ஜென்மத்துக்கும் தொடமாட்டார். அதோடு முகத்தைப் படம்பிடித்து ஆராய்வது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடும் தொடர்புள்ள விஷயம், விளையாட்டாகச் செய்யக் கூடாது. ஆள் நிற்கிறாரா, எவ்வளவு தூரத்தில் என்பதை மட்டும் சொல்லும் சென்சார் போதும் என்று முடிவு செய்தோம். மைனா எல்லாரையும் 'வாங்க' என்று பன்மையில் அழைக்கும், உறவு சொல்லாது. குழந்தைகளுக்கும் 'வாங்க' தான். 'நீங்க' என்று தங்களை ஒரு பறவை மதித்துப் பேசுவதில் குழந்தைகளுக்கு இருந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன்.

மூன்று இனமும் நடந்துபோகும் இடத்தில் உடல்மொழியிலும் கவனம் வேண்டும். அதற்கு முந்தைய ஒரு வேலையில் சமையல்காரச் சிறுவன் பாத்திரம் ஒன்று, சுட்டுவிரலை நீட்டி அலமாரியைக் காட்டுவதாகச் செய்திருந்தோம். மலாய்த் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டில் இப்படிக் காட்டினால் அம்மா கையில் தட்டுவார்" என்றாள். மலாய்க்காரர்கள் நான்கு விரலை மடித்து வலது கட்டைவிரலால் காட்டுவார்கள். மாற்றினோம். அந்தச் சின்ன மாற்றத்தில் சிறுவன் சட்டென்று இந்த நாட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். மைனாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை, முழுச் சிறகாலும் காட்டும்.

திறமைக்கு இங்கே குறைவில்லை. 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. அனிமேஷன் தொடர்களில் உப்பின் இப்பின் 2007-இல், போபோய்போய் 2011-இல், எஜென் அலி 2016-இல் வந்தன. உப்பின் இப்பினின் கம்போங்கில் ராஜுவும் முத்து அங்கிளும் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள் தங்களை அங்கே பார்த்துத்தான் வளர்ந்தார்கள். ஆனால் பிராண்டுகளுக்காகச் செய்யும் பாத்திரங்களில் தமிழ் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதி, மலாய்க்கு மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு 'தமிழும் வேண்டும்' என்று ஒரு கோப்பு வரும். அந்த நேரத்தில் வாய்ப் பட்டியல் போட முடியாது. 'வா'வுக்கு நேரம் ஒதுக்க முடியாது. வாக்கியம் நீளமாக இருப்பதால் குரலை வேகமாக ஓட்டுவார்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாட்டில், தமிழ் பேசும் பாத்திரம் மூச்சிரைக்க ஓடி வருகிற மாதிரி பேசுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. முதல் ஓவியம் வரையும் மேசையிலேயே தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் செலவு பெரிதாகக் கூடப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் போடும் கம்பெனிக்காரர்கள் முடிந்த காணொளியை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எலும்பும் நிலைகளும் உள்ள மூலக் கோப்புகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்குப் பாத்திரத்துக்கு ஒரு புதுச் சொல் கற்றுக்கொடுக்கக்கூட முடியாது.

பாட்டி போன பிறகு ஒன்பது நாளில் மைனாவைத் திருத்தினோம். ஆள் இல்லாதபோது அது வணக்கம் சொல்லாது. இறகைக் கோதிக்கொள்ளும், கோலத்தின் பக்கம் எட்டிப்பார்க்கும், நிற்கும். யாராவது இரண்டு மீட்டருக்குள் வந்தால் முதலில் கண், அப்புறம் தலை, கடைசியில் உடம்பு திரும்பும். வந்தவர் பேசாமல் நின்றால் அதுவும் பேசாமல் தலை சாய்த்து நிற்கும்.

கடை அடைக்கும் நேரத்துக்கும் ஒரு நிலை எழுதினோம். இரவு 10 மணிக்கு மைனா ஒருமுறை சிறகை உதறிவிட்டுத் தலையை இறகுக்குள் செருகிக்கொள்ளும். அந்த நேரத்தில் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள், எதற்கு வீண் வேலை என்று கம்பெனியில் கேட்டார்கள். கடைசி நாள் திரையைக் கழற்றப் போனபோது, தரை துடைக்கும் அக்கா ஒருவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "இன்னும் பத்து மணி ஆகலையே தம்பி, அது தூங்கின பிறகு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். மணி ஒன்பது ஐம்பது. கருவிப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நாங்களும் அவரோடு நின்றோம்.